கடலுக்கு அடியிலும் லெட்ஜருக்கு உள்ளேயும்

மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. ஹார்பர் லைன் ரயிலில் இரண்டு பெரியவர்கள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்களாம். ஜூன் மாதத்தில் பாப்லெட் (நம் ஊர் வாவல் மீன்) விலை ஏறிப்போனதில் தொடங்கிய பேச்சு, கூட்டுறவு வங்கியில் ஜனங்களின் பணம் முடங்குவதில் போய் நின்றிருக்கிறது. "அரசாங்கம் எல்லாவற்றிலிருந்தும் கையை எடுத்தால்தான் உருப்படும்" என்று ஒருவர். "கட்டுப்பாடு போதவில்லை, அதனால்தான் இந்தக் கதி" என்று இன்னொருவர். கேட்கும்போது இருவர் சொல்வதும் சரி போலவே இருந்தது, எதுதான் சரி என்று தம்பி கேட்கிறார். கடைசி வரியில், தன் மாமாவின் பணமும் இப்படி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று போகிறபோக்கில் ஒரு தகவல். அதற்கு நானும் கடைசியில் வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது குளச்சல் பக்கம். பெரியப்பா வள்ளம் வைத்திருந்தார். நான் படித்துவிட்டு மும்பைக்கு வந்து, செம்பூரில் குடியிருந்துகொண்டு, முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கிளைகளில் தணிக்கை செய்தேன். அதனால் மீனும் வங்கியும் ஒரே சண்டையில் வந்தது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இரண்டிலும் சங்கடம் ஒன்றுதான். அடியில் என்ன இருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. அதோடு, நான் ஒருவன் மட்டும் ஒழுங்காக இருந்து பயனும் இல்லை.

முதலில் மீன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள், ஏனென்றால் ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். மே மாதம் கிழக்கே சின்னமுட்டத்தில் படகைக் கட்டிப்போட்டிருக்கும்போது மேற்கே குளச்சலில் ஓடிக்கொண்டிருக்கும். ஜூலையில் சின்னமுட்டத்தில் ஓடும்போது குளச்சலில் கட்டிக் கிடக்கும். "இந்தக் கோடு மீனுக்குத் தெரியுமா?" என்று பெரியப்பா கேட்பார். ஆனால் தடையே வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சினையோடு இருக்கும் மீனை அள்ளினால் அடுத்த வருடம் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

"அந்தக் காலத்தில் எந்தச் சட்டமும் இல்லை, கடல் நன்றாகத்தானே இருந்தது" என்று அந்த முதல் பெரியவர் சொல்லக்கூடும். கடல் நன்றாக இருந்தது உண்மை. சட்டம் இல்லாமல் இருந்தது என்பது சரியல்ல. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது. மீறினால் ஊர் அபராதம் போடும். இங்கே மும்பையின் பூர்வீக மீனவர்களான கோலி மக்களுக்கு நாரளி பௌர்ணமி இருக்கிறது. ஆடி ஆவணி வாக்கில் வரும் அந்தப் பௌர்ணமியில் கடலுக்குத் தேங்காய் விட்டு வணங்கிய பிறகுதான் படகை இறக்குவார்கள். எந்தச் சட்டசபையும் போட்ட சட்டமில்லை அது. மழைக்காலக் கடல் பாய்மரத்தையும் துடுப்பையும் தானே தடுத்து வைத்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் வந்ததும் அந்தத் தடுப்பு போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இழுவை வலையைக் கரைக்குக் கொண்டுவந்ததே அரசாங்கம்தான். 1953-ல் கொல்லம் நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது, அப்புறம் மானியத்தில் படகுகள் பெருகின. பெரிய படகு கரையோரம் வந்து சின்ன மீனவரின் வலையை அறுத்துக்கொண்டு போக ஆரம்பித்ததும் சண்டை, கலவரம், போராட்டம். அதன் பிறகுதான் சட்டங்கள் வந்தன: கேரளத்தில் 1980, மகாராஷ்டிரத்தில் 1981, தமிழ்நாட்டில் 1983. மழைக்கால இழுவைத் தடையைக் கேரளம் 1988-ல் கொண்டுவந்தது, அதுவும் சிறு மீனவர்கள் வருடக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து கேட்ட பிறகு. கட்டுப்பாடு என்றால் டெல்லியிலோ, மும்பைத் தலைமைச் செயலகமான மந்த்ராலயாவிலோ ஏசி அறையில் உட்கார்ந்து எவரோ எழுதி, உழைக்கிறவன் தலையில் கட்டுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மீன்பிடியில் பல சமயம் கட்டுப்பாடு கேட்டு நின்றவர் சின்ன வள்ளக்காரர். கையை எடு என்று சொன்னவர் பெரிய படகின் முதலாளி. இன்றும் மகாராஷ்டிரக் கரையில் பாரம்பரிய மீனவர்கள் தடைக்காலத்தை ஆகஸ்ட் 15 வரையாவது நீட்டு என்று கேட்கிறார்கள்.

சுருக்குமடி வலை விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சாளையும் அயலையும் கூட்டமாக வரும். இந்த ஊரில் அயலைக்கு பாங்கடா என்று பெயர். கூட்டத்தைச் சுற்றி வளைத்து வலையைப் போட்டு, சுருக்குப் பையின் வாயை இழுப்பதுபோல் அடிக் கயிற்றை இழுத்துவிட்டால் மொத்தக் கூட்டமும் உள்ளே. நிபுணர் குழு அறிக்கை வந்து சில வருடங்கள் கழித்து, 2016 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு இதற்குக் கடுமையான வரம்பு போட்டது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மட்டும், உரிமம் உள்ளவருக்கு மட்டும். தமிழ்நாடு ஒரேயடியாகத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக ஒரு வழி சொன்னது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. நீதிமன்றம் இரண்டு பக்கமும் பார்த்து நடுவில் ஒரு கோடு போட்டது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரையிலிருந்து 12 மைல் தாண்டிப் போய், கூட்டம் தேடி, வளைத்து, அள்ளி, ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்றால் கடிகாரம் பார்த்து வரும் மீனாக இருக்க வேண்டும்.

12 மைல் ஏன் என்றால், அதுவரைதான் மாநிலத்தின் கடல். அதற்கு மேல் 200 மைல் வரை மத்திய அரசின் பொறுப்பு. எல்இடி விளக்கு போட்டு மீனை வரவழைத்துப் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது. மகாராஷ்டிரம் 2021-ல் தன் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை லட்சக்கணக்குக்கு ஏற்றியது. முன்பு வழக்கு தாசில்தாரிடம் போகும், அவருக்கு ஆயிரம் வேலை. இப்போது மீன்வளத் துறை அதிகாரியே முடிக்கலாம். 2023-ல் 54 வகை மீனுக்குக் குறைந்தபட்ச நீளம் வந்தது. பாப்லெட் என்றால் 135 மில்லிமீட்டர், பள்ளிக்கூடத்துச் சின்ன ஸ்கேலைவிடக் கொஞ்சம் குறைவு. அதே வருடம் அந்த மீனை மாநில மீனாகவும் அறிவித்தார்கள்.

சட்டம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் மகாராஷ்டிரக் கரை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். அதில் இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும் படகை யார் போய்ப் பிடிப்பது? ரோந்துப் படகு வருவதற்குள் விளக்கு அணைந்திருக்கும். 2025 ஜனவரியில் டிரோன் விட ஆரம்பித்தார்கள், நல்லது. படம் எடுத்த பிறகு அபராதம் வசூலாகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். அப்புறம் நம் பங்கு ஒன்று இருக்கிறது. தட்டுக்கு ஒரு முழு மீன் அழகாக உட்கார வேண்டும் என்று ஓட்டல்களும் கேட்கின்றன, நாமும் கேட்கிறோம். சந்தையில் உள்ளங்கை அளவு பாப்லெட்டைப் பார்த்தால் யாரும் ஸ்கேல் எடுப்பதில்லை. பேரம்தான் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன்.

இந்தக் கட்டுப்பாட்டின் செலவு யார் தலையில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளால் வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். படகு முதலாளி இரண்டு மாதத்தில் எஞ்சினைப் பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, அடுத்த பருவத்துக்குத் தயாராகிவிடுவார். பிடிக்கும் மீனில் பங்கு வாங்கிக்கொண்டு அந்தப் படகில் போகும் ஆள் அந்த இரண்டு மாதத்தில் வட்டிக்கு வாங்குவார். இன்னொரு பக்கம், டீசல் வரியில் சலுகை. ஒரு கையால் டீசலுக்குச் சலுகை கொடுத்து நிறைய ஓடு என்கிறோம், மறு கையால் ஓடாதே என்கிறோம். இதில் எந்தக் கை அரசாங்கத்தின் உண்மையான கை என்று கேட்க அந்த முதல் பெரியவருக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாவது பெரியவருக்கு ஒரு கதை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் காட் மீன் ஐந்நூறு வருடமாகப் பிடிக்கப்பட்டது. 1977-ல் கனடா 200 மைல் வரை தன் கடல் என்று அறிவித்து வெளிநாட்டுக் கப்பல்களை விரட்டியது. அதிகாரிகள் இருந்தார்கள், விஞ்ஞானிகள் இருந்தார்கள், வருடத்துக்கு இவ்வளவுதான் என்று அளவும் இருந்தது. கட்டுப்பாடு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அளவை அதிகமாகப் போட்டுவிட்டார்கள். மீன் குறைகிறது, சின்னதாகிறது என்று கரையோரச் சிறு மீனவர்கள் சொன்னது ஏறவில்லை. 1992 ஜூலையில் கடலை மூட வேண்டியதாயிற்று. முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. இரண்டு வருடத்தில் திறந்துவிடலாம் என்றார்கள். தடையை விலக்கியது 2024-ல். ஆக, கட்டுப்பாடு இருந்தும் கடல் காலியாகலாம்.

சரி, வங்கிக்கு வருவோம்.

கட்டுப்பாட்டாளரே இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரக் கம்பெனி, பெரிய பெயர், நல்ல வட்டி. மிராசுதார், வக்கீல், விதவை, பென்ஷன்காரர் எல்லோரும் நம்பிப் போட்டார்கள். லண்டனில் சூதாட்டம் போன்ற முதலீடுகளில் பணம் போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. கணக்கைப் பார்க்க ஆள் இல்லை. ரிசர்வ் வங்கி வருவதற்கு இன்னும் 29 வருடம் இருந்தது. கம்பெனியின் முதலாளி அர்பத்நாட் சிறைக்குப் போனார், போட்ட பணம் பெரும்பாலும் திரும்பவில்லை. அந்தக் கோபத்தில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் சேர்ந்து மறு வருடம் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

ரிசர்வ் வங்கி 1935-ல் வந்தது, வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-ல். அதன் பிறகும் 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. ரிசர்வ் வங்கி அவசரப்பட்டதா, தாமதித்ததா என்று நாடாளுமன்றம்வரை வாதம் நடந்தது. ஒரே நிகழ்வுக்கு இரண்டு குற்றச்சாட்டும் வருவதைக் கவனியுங்கள். மூடினால் ஏன் மூடினாய், மூடாவிட்டால் ஏன் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த அதிர்ச்சியில் 1962-ல் டெபாசிட் காப்பீடு வந்தது, வரம்பு 1,500 ரூபாய். 1993-ல் அது ஒரு லட்சம் ஆகி, அப்படியே 27 வருடம் நின்றது. ஐந்து லட்சமாக ஏறியது 2020 பிப்ரவரியில். ஏன் அப்போது ஏறியது என்று மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2019 செப்டம்பரில், பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று உத்தரவு வந்திருந்தது. 1984-ல் இதே சயானில் ஒரு கிளையோடு தொடங்கிய வங்கி அது.

அந்த வங்கியின் விவகாரம் பொதுவில் உள்ளதுதான். கொடுத்த கடனில் 70 சதவீதத்துக்கும் மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,049 போலிக் கணக்குகள். ஒரே ஆளுக்கோ ஒரே குழுவுக்கோ இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற விதி அப்போதே இருந்தது. தணிக்கையும் வருடா வருடம் நடந்தது. அப்புறம் எப்படி? என்னைப் போன்றவர்கள் பார்க்கும் முறையைத் தெரிந்துகொண்டால் புரியும். ஆயிரக்கணக்கான கடன் கணக்கை ஒவ்வொன்றாகப் பிரிக்க யாருக்கும் நாள் கிடையாது. பெரிய தொகையை எடுப்போம், புதிதாகக் கொடுத்ததை எடுப்போம், சின்னதில் அங்கங்கே நாலு பார்ப்போம். பெரியதைச் சின்னச் சின்னதாக உடைத்துப் பரப்பிவிட்டால் சல்லடையில் சிக்காது. மீனவர் பாஷையில் சொன்னால், வலைக் கண்ணின் அளவு தெரிந்தவன் அதைவிடச் சின்ன மீனாக வெட்டிவிடுகிறான்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேறொரு சிறிய வங்கி, பெயர் வேண்டாம், வருடமும் வேண்டாம். வாகனக் கடன் ஃபைல்கள். மூன்று பேருக்கு ஒரே மொபைல் எண். ஏழு விண்ணப்பங்களில் ஒரே கையெழுத்துச் சாயல், அந்த 'ர' ஒரே மாதிரி வளைந்து நின்றது. அறிக்கையில் எழுதினேன். மேனேஜர் கட்டிங் சாய் வரவழைத்து, "சார், இதை வாய்மொழியாகச் சொன்னதாக வைத்துக்கொள்ளலாமே" என்றார். மரியாதையான மனிதர், கடைசிவரை குரலை உயர்த்தவில்லை. நான் மாற்றவில்லை. இயக்குநர் குழு அடுத்த கூட்டத்தில் அதைப் 'பார்வைக்கு வைக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது. மறு வருடம் அந்தக் கிளை எனக்கு வரவில்லை. யாரைச் சோதிக்கிறேனோ அவர்தான் எனக்கு ஃபீஸ் கொடுக்கிறார் என்ற ஏற்பாட்டில் இதைவிட வேறென்ன நடக்கும்?

கூட்டுறவு வங்கிகளுக்கு இன்னொரு நோய் கூடுதலாக இருந்தது. 1966 முதல் அவற்றுக்கு இரண்டு எஜமானர்கள். வங்கி வேலை ரிசர்வ் வங்கியின் கண்ணில், நிர்வாகமும் தேர்தலும் கூட்டுறவுப் பதிவாளரின் கையில். இரண்டு காவலாளி இருந்தால், மற்றவர் விழித்திருப்பார் என்று இருவருமே கண்ணயர்வார்கள். 2020-ல் சட்டத்தைத் திருத்தி ரிசர்வ் வங்கிக்கு அதிக அதிகாரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் 2025 பிப்ரவரியில் மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கியில் 122 கோடி ரூபாய் காணவில்லை என்று வழக்கு வந்தது. இங்கே தகிடுதத்தக் கணக்குகூட இல்லை, பெட்டியில் இருப்பதாக எழுதிய ரொக்கமே இல்லை என்பதுதான் புகார். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்பதைவிடப் பழைய தணிக்கை முறை ஒன்று உண்டா?

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது சங்கடம். நான் ஒருவன் வலையை எடுத்து வைத்தால் அந்த மீனைப் பக்கத்துப் படகு அள்ளும், ஆகவே நானும் அள்ளுகிறேன். வங்கியிலும் அதே கணக்குத்தான். வங்கி ஆட்டம் காண்கிறது என்று காதில் விழுந்தால், நான் பொறுமையாக இருந்தால் முன்னால் ஓடியவர் எடுத்துக்கொள்வார், ஆகவே நானும் ஓடுகிறேன். ஒவ்வொருவர் செய்வதும் புத்திசாலித்தனம்தான், சேர்ந்து செய்தால் நாசம். நல்ல வங்கிகூட இதில் விழும். டெபாசிட் காப்பீடு அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான். ஆனால் அதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. எப்படியும் ஐந்து லட்சம் வரும் என்றால், அரை சதவீதம் அதிக வட்டி கொடுக்கும் ஆட்டம் கண்ட வங்கியிலேயே போடலாமே என்று தோன்றும். இத்தனை காலம் நல்ல வங்கியும் மோசமான வங்கியும் ஒரே பிரீமியம்தான் கட்டின, கடைசியாக நூறு ரூபாய் டெபாசிட்டுக்கு 12 பைசா. அபாயத்துக்குத் தக்கபடி வேறுவேறு பிரீமியம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்ததே 2025 அக்டோபரில்தான்.

கட்டுப்பாடு வேலை செய்த இடங்களும் உண்டு, அவை பேச்சில் வருவதில்லை. 2005, 2006-ல் கட்டுமானத் துறைக் கடனுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் ஒய்.வி. ரெட்டி இறுக்கினார். வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று பத்திரிகைகளில் திட்டு விழுந்தது. 2008-ல் அமெரிக்காவின் லேமன் முதலீட்டு வங்கி சாய்ந்து உலகம் குலுங்கியபோது நம் வங்கிகள் பெரிய அடி இல்லாமல் தப்பின. அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முக்கியமான காரணம். மறுபுறம் அமெரிக்காவில் 2018-ல் நடுத்தர வங்கிகள் மேலிருந்த கூடுதல் கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. தளர்வு மட்டும்தான் காரணமா என்று அங்கே இன்னும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் கட்டுப்பாட்டுக் கட்சி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ராஜாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிட்-லைசன்ஸ்-கோட்டா ராஜ்ஜியம் என்று பெயர் வைத்து, அதை எதிர்க்கவே 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர். 1952-ல் சென்னை மாநில முதல்வராக உட்கார்ந்ததும் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள், வரவில்லை. அதுவரை கட்டுப்பாட்டில் வாழ்ந்தது பதுக்கல்காரரும் செக்போஸ்டும்தான். அதே ராஜாஜிதான் 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தவர். கட்டுப்பாடு என்றாலே ஆகாது என்கிற மனிதர் உலகத்தில் இல்லை. எதன் மேல் கட்டுப்பாடு என்பதில்தான் வித்தியாசம்.

தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பும் இட்லிக்காரர்கள் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவார்கள். பெரிய பாத்திரத்தில் இட்லி, தூக்கில் சட்னி சாம்பார், ஒரு பீம்பீம் ஹாரன். அந்த இட்லி நன்றாக இருக்கிறதா என்று சொல்ல நிபுணர் குழு வேண்டாம். நேற்று புளித்திருந்தால் இன்று வேறு ஆளிடம் வாங்குவீர்கள். கடலடி மாதிரியோ லெட்ஜர் மாதிரியோ மறைந்திருப்பது அதிகம் இல்லை. தண்ணீர் சுத்தமா என்று மட்டும் யாராவது பார்த்தால் போதும். ஆனால் இந்த ஊரில் உரிமம் கிடைக்காத பொருளாக வருடக்கணக்கில் இருந்தது அவருக்குத்தான். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, முடிவெடுக்கும் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பத்து வருடத்துக்குப் பிறகும் முனிசிபாலிட்டி வண்டி கண்ணில் பட்டால் பாத்திரத்தோடு சைக்கிளை மிதிப்பவர்களை நான் பார்க்கிறேன். உரிமம் கொடுக்கவும் மாட்டோம், உரிமம் இல்லாமல் விற்கவும் கூடாது என்றால் அது ஹப்தா, அதாவது வாராவாரம் லஞ்சம், வாங்குகிறவருக்குப் போட்ட சட்டம். இங்கே நான் முதல் பெரியவர் பக்கம்தான், கொஞ்சமும் தயங்காமல்.

நடுவிலே சிக்கலான இடமும் உண்டு. ஆந்திராவில் 2010-ல் சிறுகடன் நிறுவனங்களின் வசூல் கொடுமையால் தற்கொலைகள் என்று செய்தி வந்ததும் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. கொடுமை நின்றது, கூடவே கடனும் நின்றது. திருப்பிக் கட்டுவது ஏறக்குறைய அடியோடு நின்று, அந்த மாநிலத்தில் அந்தத் தொழிலே படுத்தது. கடன் தேவைப்பட்ட பெண்களுக்குத் தேவை நிற்கவில்லை. 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது: குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கொடுக்கிறவரே கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்த வருமானத்தை யார் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டால், மறுபடி எனக்கு அந்த ஒரே மாதிரி வளைந்த 'ர' ஞாபகம் வருகிறது.

ஆகவே தம்பி, அடுத்த முறை ரயிலில் அந்தப் பெரியவர்களைப் பார்த்தால், கையை எடு என்பவரிடம் அவருடைய பணம் எந்த வங்கியில் இருக்கிறது, அதன் கணக்கை அவரே பார்க்கிறாரா என்று கேளுங்கள். இறுக்கு என்பவரிடம், இருக்கிற சட்டத்தை இரவு இரண்டு மணிக்குக் கடலில் போய் யார் பார்ப்பது, அவருக்கு யார் சம்பளம் கொடுப்பது, அந்த 61 நாள் அடுப்பு எரியாத வீட்டுக்கு என்ன என்று கேளுங்கள். தானே ஸ்டேஷன் வந்துவிடும்.

இப்போது உங்கள் மாமா விஷயம். நீங்கள் 'கூட்டுறவு நிறுவனம்' என்று எழுதியிருக்கிறீர்கள், வங்கி என்று எழுதவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. இந்த மாநிலத்தில் தெருவுக்குத் தெரு பத்பேடி இருக்கிறது. கவுண்டர், பாஸ்புக், தினமும் சிறு தொகை வசூலிக்க வரும் பிக்மி வசூல்காரர் எல்லாம் வங்கி மாதிரியே இருக்கும். ஆனால் அது கூட்டுறவுக் கடன் சங்கம், பதிவாளரின் கீழ் வருவது. ரிசர்வ் வங்கிக்கு அதன் மேல் பிடி இல்லை, ஐந்து லட்சக் காப்பீடும் அதற்குக் கிடையாது.

வங்கிதான் என்றால் நிலைமை பரவாயில்லை. 2021-ல் வந்த திருத்தப்படி, எடுக்கத் தடை போட்டு உத்தரவு வந்தாலே போதும், வங்கியை மூடும்வரை காத்திருக்க வேண்டாம், 90 நாளில் காப்பீட்டுத் தொகை வர வேண்டும். முதல் 45 நாளில் வங்கி பட்டியல் கொடுக்கும். அதற்குள் மாமா சம்மதக் கடிதமும் கேஒய்சி என்கிற அடையாள, முகவரிச் சான்றுக் காகிதங்களும் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து, அந்த வங்கியின் எல்லாக் கிளைகளுக்குமாக ஒரு ஆளுக்கு. மாமியோடு கூட்டாக வைத்த கணக்கு இருந்தால் அது தனி வரம்பு.

பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நிறுவனத்தின் முழுப் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். மராத்தியில் இருந்தால் அப்படியே எழுத்துக் கூட்டி அனுப்புங்கள், நான் படித்துக்கொள்கிறேன்.